டாக்டர் சொன்னால்தான் திருநங்கையா?

“அவங்களும் மனுஷங்கதான். உரிமை கொடுக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா யாரு நெஜம், யாரு வேஷம்னு ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டாமா?”

தொலைக்காட்சி விவாதத்திலும் வழக்கறிஞர் அறையிலும் முற்போக்காளர் வீட்டு வரவேற்பறையிலும் இந்தக் கேள்வி ஒரே குரலில் வருகிறது. வெறுப்போடு கேட்கப்படுவதில்லை என்பதே இதன் பலம். திருநங்கையரைப் பார்த்து முகம் சுளிப்பவரை மடக்குவது எளிது. அனுதாபத்தோடு ஒரு மருத்துவ வாரியத்தைப் பரிந்துரைப்பவரிடம் வாதாடுவது கடினம். அவர் தன்னை நடுநிலையாளர் என்று நம்புகிறார்.

அவருடைய வாதத்தை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம், சாதிக்குத் தாசில்தார் கையெழுத்து, ஊனத்துக்கு மருத்துவ வாரியம். பால் அடையாளத்துக்கு மட்டும் ‘நான் சொல்கிறேன், எழுதிக்கொள்’ என்றால் எப்படி? நாளைக்கு எவனும் வந்து நிற்கமாட்டானா? ஆகவே மேற்கு நாடுகளின் அவசரத்தைப் பின்பற்றாமல் நிதானமாக, சரிபார்த்து, ஒவ்வொருவராக ஏற்போம். இதுதான் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரிபார்ப்பு என்பது இனிமேல் செய்து பார்க்கவேண்டிய ஒரு யோசனை என்ற பாவனையில் பேசப்படுகிறது பாருங்கள், அது பொய். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல அரசுகள் அதைச் செய்து பார்த்துவிட்டன. முடிவுகள் தீர்ப்புகளாகவும் இழப்பீட்டு ரசீதுகளாகவும் நம் முன்னே கிடக்கின்றன. அவற்றைப் புரட்டாமல் ‘நிதானம்’ பேசுவது நிதானமல்ல.

1970இல் லண்டனில் ஒரு வழக்கு. ஏப்ரல் ஆஷ்லி என்ற மாடல் அழகி பத்தாண்டுகளுக்கு முன்பே கசபிளாங்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருடனான தன் திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி கணவர் ஆர்தர் கார்பெட் நீதிமன்றம் போனார். விசாரித்த நீதிபதி ரோஜர் ஆர்ம்ரோட் சட்டத்தோடு மருத்துவமும் படித்தவர். நம் நண்பர்கள் கேட்கும் டாக்டரே நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லலாம். பிறக்கும்போது குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, பிறப்புறுப்பு மூன்றும் என்ன சொல்கின்றனவோ அதுதான் திருமணச் சட்டத்துக்குப் பால், பின்னால் செய்த எந்த அறுவையும் அதை மாற்றாது என்று அவர் முடிவுகட்டினார். பிரிட்டனில் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீர்ப்பின் நிழல் விழுந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1972இல், சுவீடன் ஒரு சட்டம் போட்டது. பால் மாற்றத்தைச் சட்டப்படி பதிவுசெய்ய வழிவகுத்த உலகின் முதல் தேசியச் சட்டம் அது. லண்டன் நீதிபதி ஒதுக்கித் தள்ளிய மாற்றத்தை ஸ்டாக்ஹோம் ஏற்றது. இரண்டு நாட்டிலும் மருத்துவ அறிவு ஒன்றுதான், பாடப்புத்தகங்களும் ஒன்றுதான். ஒரே மாதிரியான இரண்டு பேரில் ஒருவர் சுவீடனில் பெண், இன்னொருவர் இங்கிலாந்தில் ஆண். டாக்டர் பார்த்துச் சொன்ன விஷயம் எப்படி இப்படி எல்லை தாண்டியதும் தலைகீழானது?

சுவீடன் ஏற்றது என்று சொன்னேன். சும்மா ஏற்கவில்லை. விண்ணப்பிப்பவர் திருமணமாகாதவராக இருக்கவேண்டும், சுவீடன் குடியுரிமை வேண்டும், இனப்பெருக்கத் திறனை இழந்திருக்கவேண்டும். கடைசி நிபந்தனையை மறுபடியும் படியுங்கள். பிள்ளை பெறும் ஆற்றலை அழித்துக்கொண்டு வா, அட்டையில் எழுத்தை மாற்றித் தருகிறேன் என்று உலகின் மிக முற்போக்கான நாடு எனப் பெயரெடுத்த நாடு சொன்னது. நாற்பது ஆண்டுகள் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2013 ஜனவரியில் அந்த நிபந்தனை ஒழிந்தது. 2018இல் சுவீடன் நாடாளுமன்றம், இப்படி மலடாக்கப்பட்டவர்களுக்குத் தலா 2,25,000 குரோனர் இழப்பீடு என்று சட்டம் இயற்றியது. நெதர்லாந்து 1985 முதல் 2014 வரை இதையே செய்தது. 2021இல் பகிரங்க மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 5,000 யூரோ கொடுத்தது. மேற்கு ஜெர்மனியின் 1980ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அறுவையும் மலட்டுத்தன்மையும் கட்டாயம். கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் 2011இல் அதை முடக்கியது.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள். ஜப்பானில் பழைய கதையல்ல. 2003இல் அங்கே இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம் ஐந்து நிபந்தனைகள் வைத்தது: வயது வந்தவராக இருக்கவேண்டும், திருமண உறவில் இருக்கக்கூடாது, பிள்ளை இருக்கக்கூடாது (2008இல் இது வயதுக்கு வராத பிள்ளை என்று தளர்ந்தது), இனப்பெருக்கச் சுரப்பி செயல்படக்கூடாது, உறுப்பின் தோற்றம் மாறியிருக்கவேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வாசல் வழியாகத்தான் குடும்பப் பதிவேட்டில் பால் மாற்றிக்கொண்டார்கள். 2019இல் கூட உச்ச நீதிமன்றம் மலட்டு நிபந்தனை சரிதான் என்றது. 2023 அக்டோபர் 25 அன்று அதே நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகளும் ஒருமனதாக அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார்கள். இடையில் இருந்த நான்கு ஆண்டுகளில் மருத்துவம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

வயதுக்கு வராத பிள்ளை இருந்தால் ஒருவர் பெண்ணல்ல, அந்தப் பிள்ளைக்கு வயது வந்ததும் அவர் பெண். இதை எந்த ஸ்கேன் காட்டும்? திருமணமானவர் ஆண், விவாகரத்தானதும் பெண் என்றால் அது எந்த ரத்தப் பரிசோதனையில் தெரியும்? இங்கே சோதிக்கப்பட்டது பால் அல்ல. பால் மாறியவரால் நம் குடும்ப அமைப்புக்குத் தொந்தரவு வராது என்ற உத்தரவாதம்தான் கேட்கப்பட்டது. அந்த உத்தரவாதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு டாக்டர் தேவைப்பட்டார், அவ்வளவே.

ஈரானைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1980களில் மரியம் கத்தூன் மோல்காரா அயத்துல்லா கோமெய்னியை நேரில் சந்தித்து, பால் மாற்று அறுவைக்கு அனுமதி தரும் ஃபத்வா பெற்றார். அன்றிலிருந்து அங்கே மருத்துவக் குழு பார்த்து, நீதிமன்றம் அனுமதித்து, அறுவை முடிந்ததும் புதிய அடையாள அட்டை. நம் நண்பர்கள் கனவு காணும் ஒழுங்கான நடைமுறை. அதே நாட்டில் ஆணும் ஆணும் உறவு கொண்டால் மரண தண்டனை வரை போகும். தாம் திருநங்கை அல்ல என்று அறிந்தவர்கள் கூட, தூக்குக் கயிற்றுக்குப் பயந்தும் குடும்பத்தின் நெருக்கடியாலும் அறுவைக் கத்திக்கு உடலைக் கொடுத்த சோகத்தை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. நெஜம் எது, வேஷம் எது என்று பிரித்துக் காட்டவேண்டிய மருத்துவக் குழு, வேஷத்தை உடலிலேயே செதுக்கும் இடமானது.

சரி, உடலைத் தொடவேண்டாம், மனதைச் சோதிப்போம் என்று சிலர் இறங்கி வருவார்கள். அதையும் பார்த்தாயிற்று.

பிரிட்டன் 2004இல், ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்றுப்போன பிறகு, பால் அங்கீகாரச் சட்டம் கொண்டுவந்தது. அறுவை கட்டாயமில்லை என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் பாலின ஒவ்வாமை என்று மருத்துவர் கண்டறிய வேண்டும், இரண்டு மருத்துவ அறிக்கைகள் வேண்டும், இரண்டு ஆண்டுகள் அந்தப் பாலில் வாழ்ந்ததற்குக் காகித ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது என்று கட்டுக்கட்டாக அனுப்பினால், முகம் தெரியாத ஒரு குழு உட்கார்ந்து, விண்ணப்பித்தவரை நேரில் பார்க்காமலே, ‘இவர் பெண்’ என்று தீர்மானிக்கும். திருமணமானவர் என்றால் வாழ்க்கைத் துணையின் சம்மதமும் வேண்டும் என்று பின்னால் ஆனது.

ஜெர்மனியில் 2011க்குப் பிறகும் இரண்டு நிபுணர் அறிக்கைகள் தொடர்ந்தன. எந்த உள்ளாடை அணிகிறாய், படுக்கையில் என்ன நினைக்கிறாய் என்றெல்லாம் கேட்டதாக அந்த அறைகளுக்குள் போய்வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்நாட்டுக் குடும்ப நல அமைச்சகத்துக்காக நடந்த ஆய்வு ஒன்றின்படி இந்த நடைமுறைக்கு ஒருவருக்குச் சராசரியாக 1,800 யூரோவுக்கு மேல் செலவு, பல மாதக் காத்திருப்பு. இவ்வளவுக்கும் பிறகு நிபுணர்கள் சொன்னது என்ன? கிட்டத்தட்ட எல்லோருக்கும் ‘ஆம்’. வந்தவர்களில் ஏறக்குறைய அனைவரையும் உள்ளே விடுகிற ஒரு காவலாளி எதைக் காவல் காத்தான்? விண்ணப்பித்தவர் தன்னைப் பற்றி முதல் நாள் சொன்னதையே, பணம் வாங்கிக்கொண்டு, அவமானப்படுத்திவிட்டு, பல மாதம் கழித்து ஒரு முத்திரையோடு திருப்பிக் கொடுத்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் அந்த 1980ஆம் ஆண்டுச் சட்டமே இல்லை. இப்போது மூன்று மாதம் முன்னதாகப் பதிவாளரிடம் தெரிவித்து, பிறகு போய்க் கையெழுத்திட்டால் போதும்.

உலகச் சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில், 2022 முதல் நடைமுறைக்கு வந்தது அது, இந்த நிலையை மனநோய்கள் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது. மனநோய் இல்லை என்றான பிறகு மனதைச் சோதிக்கும் டாக்டர் எதைக் கண்டறிவார்?

நம் பக்கத்துக்கு வருவோம். 2013 நவம்பரில் வங்கதேச அமைச்சரவை ஹிஜ்ராக்களைத் தனிப் பாலினமாக அங்கீகரித்தது. உலகமே பாராட்டியது. அடுத்த ஆண்டு சமூக நலத்துறை அவர்களை அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அழைத்தது. வந்தது வினை. உண்மையான ஹிஜ்ரா யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுகாதாரத் துறை மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2015இல் டாக்காவில், வேலைக்குத் தேர்வாகியிருந்த பன்னிரண்டு பேர் மருத்துவமனைக்கு அழைக்கப்பட்டார்கள். மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களைவிட்டு அவர்களுடைய பிறப்புறுப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஊழியர்களும் மற்ற நோயாளிகளும் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவர்கள் ஆண்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று செய்தி பரவியது. வேலை போனது மட்டுமல்ல, தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இது விரிவாக இருக்கிறது. சட்டம் அவர்களை ஏற்ற கதையும் சரிபார்ப்பு அவர்களைத் துகிலுரிந்த கதையும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் நடந்தன.

இந்தத் துணைக்கண்டத்தில் இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் நமக்குக் கள்ளர், மறவர், குறவர் நினைவு வரும். பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு நினைவு வரும். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களைப் பற்றியது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. வட மாகாணங்களில் அவர்களைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். உயில் எழுதக்கூடாது, பிள்ளையைத் தத்தெடுக்கக்கூடாது. பதிவேட்டில் உள்ளவர் பெண்ணுடை அணிந்து பொது இடத்தில் தோன்றினால் இரண்டாண்டு வரை சிறை. யாரைப் பதிவேட்டில் ஏற்றுவது? தானாக ஒப்புக்கொள்பவர், அல்லது மருத்துவப் பரிசோதனையில் ஆண்மையற்றவர் எனத் தெரிபவர். ‘டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்’ என்ற யோசனை இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது நலத்திட்டம் கொடுப்பதற்காக அல்ல, பிடித்துப்போடுவதற்காக.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும், தன் பாலினத்தைத் தானே தீர்மானிப்பது ஒருவரின் அடிப்படை உரிமை, அறுவை செய்துகொண்டு வா என்று வற்புறுத்துவது அறமும் அல்ல சட்டமும் அல்ல என்று எழுதினார்கள். ஆனால் 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த மசோதா, மாவட்டந்தோறும் ஒரு சோதனைக் குழு என்றது. எதிர்ப்பு கிளம்பியதால் 2019 சட்டத்தில் குழு போனது. ஆனாலும் ‘ஆண்’, ‘பெண்’ என்று மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கு அறுவைச் சான்றைக் கேட்கும் பிரிவு நுழைந்தது. அதே சட்டம் திருநங்கை ஒருவரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினால் அதிகபட்சம் இரண்டாண்டு என்று நிர்ணயித்தது. 1871இல் பெண்ணுடை அணிந்த குற்றத்துக்கும் இரண்டாண்டு, 2019இல் அப்படி உடுத்தியவரைச் சீரழித்த குற்றத்துக்கும் இரண்டாண்டு. சட்டம் எழுதுபவர்கள் எதைக் கவனமாகச் சரிபார்க்கிறார்கள், எதைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனை திருநங்கையரை மட்டும்தான் பாதிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கரூர் மாவட்டத்தில் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண் காவலராகத் தேர்வான ஒருவர், பரிசோதனையில் வேறு விதமாக எழுதப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நால்சா தீர்ப்பு வந்த அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து அந்தப் பணிநீக்கத்தை ரத்துசெய்தார். ஒருவரைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தி அவர் பாலை அரசு நிர்ணயிக்க முடியாது என்றார். அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்பு, 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனுக்கு என்ன நேர்ந்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். பதக்கத்தைப் பறித்தவர்கள் டாக்டர்களைக் கேட்டுத்தான் பறித்தார்கள். வாசலில் சோதனைச் சாவடி போட்டால், அதைக் கடக்கும் ஒவ்வொரு பெண்ணும் சந்தேகத்துக்குரியவளாகிறாள்.

இனி மோசடி.

முதலில் ஒன்று. நம் அரசு எல்லாவற்றுக்கும் சான்று கேட்கிறது என்பதே உண்மையல்ல. மதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதம் மாறினால் திருமணச் சட்டம் மாறுகிறது, வாரிசுரிமை மாறுகிறது, பட்டியல் சாதி இட ஒதுக்கீடு போய்விடுகிறது அல்லது திரும்புகிறது. இவ்வளவு விளைவுகள் கொண்ட ஒன்றில் அரசு பெரும்பாலும் ஒருவர் சொல்வதைத்தான் ஏற்கிறது. சில மாநிலங்களில் ஆட்சியருக்கு முன்கூட்டி அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் உண்டு. அதன் லட்சணம் வேறு கதை. அங்கே கூட, இவர் உள்ளத்தில் உண்மையிலேயே ஏசு இருக்கிறாரா என்று ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்க டாக்டர் வருவதில்லை. மறுபக்கம், தாசில்தார் கையெழுத்தும் மருத்துவ வாரியமும் இருக்கிற இடங்களில் போலிச் சாதிச் சான்றும் போலி ஊனச் சான்றும் நின்றுவிட்டனவா? கையெழுத்து எங்கே தேவையோ அங்கே கையெழுத்துக்கு விலை வரும். அந்த விலையைக் கொடுக்க முடியாதவர் உண்மையானவராக இருந்தாலும் வெளியே நிற்பார்.

சுய அறிவிப்பு வந்தால் வெள்ளம் திறந்துகொள்ளும் என்றார்கள். அர்ஜென்டினா 2012 மே மாதம் திறந்தது. டாக்டர் இல்லை, நீதிபதி இல்லை, பதிவாளர் மட்டும். செனட்டில் 55 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். டென்மார்க் 2014இல் ஆறு மாதச் சிந்தனைக் காலத்தோடு திறந்தது. அயர்லாந்து 2015இல் திறந்தது. அங்கே லிடியா ஃபாய் என்ற பல் மருத்துவர் 1997 முதல் நடத்திய வழக்குதான் அரசை அந்த இடத்துக்குத் தள்ளியது. அதே ஆண்டு மால்டா, அடுத்த ஆண்டு நார்வே, பிறகு பெல்ஜியம், போர்ச்சுகல், சுவிட்சர்லாந்து, ஸ்பெயின். அர்ஜென்டினாவில் இப்போது திருநர் உரிமைகளைப் பகிரங்கமாகத் தாக்கும் ஹாவியர் மிலேய் ஆட்சி. அவர் 2025 பிப்ரவரியில் சிறார்களுக்கான சிகிச்சையைத் தடைசெய்தார், சிறையில் யாரை எங்கே வைப்பது என்ற விதியை மாற்றினார். வயது வந்தோர் பதிவாளரிடம் போய் அடையாளம் மாற்றும் நடைமுறையை அந்த ஆணைகள் தொடவில்லை.

தவறாகப் பயன்படுத்தியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஸ்பெயினின் செயுத்தா நகரில் சீருடைப் பணியாளர்கள் சிலர் சலுகைக்காகப் பெண்ணென்று பதிந்துகொண்டதாகச் செய்தி வந்தது. ஜெர்மனியில் ஒரு நவநாஜி ஆசாமி, திருநரை இழிவாகப் பேசியே பெயர் வாங்கியவர், புதிய சட்டத்தைக் கேலிசெய்வதற்கென்றே பாலை மாற்றிப் பதிந்துகொண்டு, பெண்கள் சிறைக்குப் போகவேண்டிய நாளில் தலைமறைவானார். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய தண்டனையில் ஒரு நாள் குறையவில்லை. ஸ்பெயின் சட்டத்தில், பெண்கள் மீதான வன்முறைக் குற்றத்துக்கு முன்பே இருந்த பொறுப்பு பால் மாற்றத்தால் மாறாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் சட்டத்தில், போர் மூளும் வேளையில் ராணுவச் சேவையிலிருந்து இப்படி நழுவ முடியாது என்ற பிரிவு உண்டு. மோசடி என்பது குற்றம். செய்தவனைப் பிடித்துத் தண்டிப்பதுதான் வழி. போலி டிக்கெட்டில் ஒருவன் ரயில் ஏறினான் என்பதற்காகப் பயணிகள் எல்லோரையும் நிர்வாணமாக நிறுத்துவது வழியல்ல.

நம் ஊரில் என்ன சலுகைக்காக ஒருவன் வேஷம் போடப்போகிறான்? கர்நாடகம் 2021இல் அரசு வேலையில் ஒரு விழுக்காடு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் தனி உள் ஒதுக்கீட்டுக்காக திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். நல வாரிய அட்டை, தையல் மெஷின், சின்ன ஓய்வூதியம். இதற்காக ஓர் ஆண் தன் வீடு, சாதிசனம், வாடகை அறை, கல்யாணச் சந்தை எல்லாவற்றையும் இழக்கத் துணிவான் என்று நம்புகிறவர், திருநங்கை ஒருவர் வீடு தேடி அலைவதை ஒருமுறையும் பார்த்ததில்லை. இன்னொன்று, மோசடி பற்றிப் பேசுபவர்கள் கண்ணுக்குத் திருநம்பிகள் படுவதே இல்லை. பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் எந்தச் சலுகையைத் திருடுகிறார் என்று எவரும் சொன்னதில்லை. அவருக்கும் அதே வாரியம், அதே அவமானம்.

பெண்களின் பாதுகாப்பு என்ற வாதம் மட்டும் வேறு தரத்தது. அதை நான் எள்ளப்போவதில்லை. சிறை, காப்பகம், விளையாட்டு ஆகிய இடங்களில் கேள்விகள் உண்மையானவை. ஆனால் அவற்றுக்கான விடை அடையாள அட்டையில் இல்லை. 2023 ஜனவரியில் ஸ்காட்லாந்தில், பெண்கள் இருவரைப் பாலியல் வன்கொடுமை செய்த ஒரு கைதி முதலில் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டது பெரும் புயலைக் கிளப்பியது. சுய அறிவிப்புச் சட்டம்தான் காரணம் என்று இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. முந்தைய மாதம் எடின்பரோ நாடாளுமன்றம் 86க்கு 39 என்று நிறைவேற்றிய மசோதாவை லண்டன் அரசு தடுத்து நிறுத்திவிட்டது. கைதியை எங்கே வைப்பது என்பது சிறைத்துறையின் முடிவு. பிறகு சிறைத்துறை தன் விதியைத் திருத்திக்கொண்டது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், ஒரு கைதியின் குற்ற வரலாற்றைப் பார்த்துத்தான் அறை ஒதுக்கவேண்டும். பெண் கைதிகளிலும் அதைத்தான் செய்கிறோம். ரேஷன் அட்டையில் ஒரு பெயரைத் திருத்தக் கேட்கும் சேலத்துத் திருநங்கைக்கு அந்தக் கைதியின் கதையை ஏன் பதிலாகச் சொல்லவேண்டும்?

இந்த வாதத்தில் நேர்மை எவ்வளவு என்று பார்க்க இன்னொரு அளவுகோல் இருக்கிறது. ‘சரிபார்த்துவிட்டால் ஏற்போம்’ என்கிறார்களே, சரிபார்க்கப்பட்டவர்களை ஏற்றார்களா? 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது உயிரியல் பெண்ணை மட்டுமே குறிக்கும் என்றது. அந்த வழக்கு யாரைப் பற்றியது? அரசு கேட்ட இரண்டு மருத்துவ அறிக்கைகளையும் இரண்டாண்டு ரசீதுகளையும் கொடுத்து, குழுவின் முத்திரையோடு சான்றிதழ் வாங்கியவர்களைப் பற்றியது. அவர்கள் எந்தக் குறுக்கு வழியிலும் வரவில்லை. வெற்றிபெற்ற தரப்பு கொண்டாடியது. அவர்களில் எவரும் ‘சரிபார்க்கப்பட்டவர்களை மட்டுமாவது விட்டுவைப்போம்’ என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஹங்கேரி 2020இல் சட்டப்படியான பால் மாற்றத்தையே ஒழித்தது. ரஷ்யாவில் பால் மாற்றத்துக்கு மருத்துவக் குழுவின் சான்று தேவைப்பட்டது. 2023 ஜூலையில் சான்று, குழு எல்லாவற்றையும் தூக்கி எறிந்து, முன்பு மாறியவர்களின் திருமணங்களையும் ரத்துசெய்யும் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 2025இல் வந்த அதிபர் ஆணை, அறுவை செய்தவரா செய்யாதவரா என்று பார்க்காமல் எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் கைவைத்தது. விலையைக் கொடுத்தவனுக்கும் சரக்கு கிடைக்கவில்லை.

இதெல்லாம் மேற்கத்திய மோகம் என்ற பல்லவிக்கு அதிக இடம் தேவையில்லை. நேபாள உச்ச நீதிமன்றம் சுனில் பாபு பந்த் வழக்கில் சுய உணர்வின் அடிப்படையில் அங்கீகாரம் கொடுக்கச் சொன்னது 2007 டிசம்பரில். அப்போது சுவீடன் மலடாக்கிக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2009இல் வழி திறந்தது. வழக்குப் போட்டவர் இஸ்லாமியச் சட்ட அறிஞரான அஸ்லம் காக்கி. அங்கே 2018இல் வந்த சுய அடையாளச் சட்டத்தை எதிர்த்தவர்கள் கேட்டதும் மருத்துவ வாரியம்தான். 2023 மே மாதம் ஷரியத் நீதிமன்றம் அதன் சுய அடையாளப் பிரிவுகளைச் செல்லாது என்றது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தபோது பார்த்து எழுத எந்த ஐரோப்பிய மாதிரியும் இல்லை. வாரியம், ரேஷன் அட்டை என்று தொடங்கி, 2019இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்து, தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிவுசெய்ய உத்தரவிடும் வரை வந்தது இந்த ஊரின் பாதை. அந்த மணமகளை எந்த மருத்துவ வாரியத்துக்கும் போய்விட்டு வரச் சொல்லவில்லை நீதிபதி.

மருத்துவ வாரியம் என்ற யோசனை இந்தியாவில் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது, இனியும் தூக்கும். அதை ஆதரிப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வாரியம் எதைப் பரிசோதிக்கும் என்று முதலில் எழுதித் தாருங்கள். குரோமோசோமா, உறுப்பா, உள்ளாடையா, திருமணப் பத்திரமா, மின்கட்டண ரசீதா? இவை ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நாடு கேட்டுப் பார்த்திருக்கிறது, பெரும்பாலானவற்றை நீதிமன்றத்தில் தோற்றோ வெட்கப்பட்டோ கைவிட்டும் இருக்கிறது. இவற்றில் இல்லாத இன்னொன்று உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், விவாதிப்போம். இல்லையென்றால், தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பத்தோடு நிற்பவர் சொல்வதை எழுதிக்கொண்டு அட்டையைக் கொடுங்கள்.